குளத்திலிருந்து வாசல் வரை

கியோங்ஜு
6 மார்ச் 1994

அக்காவுக்கு,

இன்ச்சோனில் துறைமுகக் காற்று இன்னும் காதைக் கடிக்கிறதா? இங்கே எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள கல்லறை மேடுகளில் பனி உருகிவிட்டது. புல் நனைந்த பூனை மாதிரி கிடக்கிறது. நான் நலம். போராமும் நலம் என்று எழுத ஆசைதான், மூக்கு ஒழுகுகிறது. ஐந்து மாதமாகியும் இன்னும் குப்புற விழவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை நாலாம் மாதமே உருண்டு போய்ச் செருப்பைக் கடித்ததாம். போராமின் அப்பா சாங்தே, "செருப்பு கடிக்கிறதுல என்ன அவசரம் உனக்கு?" என்கிறார். அவருக்கென்ன, தூங்குகிறார்.

போராமின் நூறாம் நாள் விருந்துக்கு நீ அனுப்பிய வெள்ளிக் கரண்டி வந்தது. நீ வரவில்லை. ஏன் என்று கேட்க எனக்கு வாய் வராது. இரண்டு தடவை ஆஸ்பத்திரியிலிருந்து நீ வெறுங்கையோடு திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஏழு வருடமாகக் காத்திருக்கிற உனக்கு முன்னால் எனக்குக் குழந்தை பிறந்தது தப்பு மாதிரியே இருக்கிறது. ஆனாலும் ஏப்ரலில் செர்ரி பூக்கும்போது ஊர் பார்க்கிற சாக்கிலாவது வாயேன். எங்கள் விடுதியில் ஒரு அறையை உனக்காக வைக்கிறேன், பள்ளிச் சுற்றுலாக்காரர்கள் வந்து நிறைப்பதற்கு முன்.

இன்னொன்று. போன வாரம் ஒரு கனவு. அனாப்ஜி குளத்தங்கரையில் நிற்கிறேன். ஒரு கெண்டை, தங்க நிறம், என் கை நீளம், தாவி என் பாவாடைக்குள் விழுந்தது. பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். என்ன கனம் தெரியுமா! நட்சத்திரம் பார்க்கிற கல் கோபுரம் தாண்டி, கல்லறை மேட்டுத் திருப்பம் வரை வந்தேன். அங்கே போராம் அழுது எழுப்பிவிட்டாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இப்படிக் கனவு வந்தால் பிள்ளை வரும் என்பார்களே, மறுபடியுமா? இவளுக்கே இன்னும் பல் முளைக்கவில்லை. மாமியாரிடம் சொன்னால் அன்றைக்கே பேரனுக்குப் பெயர் வைத்துவிடுவார். டெலிபோன் அவர் உட்காரும் கல்லாவில் இருக்கிறது, அதனால்தான் கடிதம். உன்னிடம் இதை எழுதியது சரியா என்றும் தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
மிரான்

*

இன்ச்சோன்
24 மார்ச்

மிரான்,

கடிதம் வந்தது. காற்று இன்னும் கடிக்கிறது. கிஹ்வானுக்கு இருமல், எனக்கு ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் திறந்தாயிற்று; இந்த வருடம் எட்டாம் வகுப்புப் பையன்களுக்குக் கணக்கு. என் முதுகுக்குப் பின்னால் எனக்கு "பகா எண்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர்தான்.

ஏப்ரலில் வர முடியாது. கோபமில்லை. குழந்தை பிறந்தது தப்பு என்றெல்லாம் இனி எழுதாதே. படித்துவிட்டு ஒரு மணி நேரம் உன்மேல் எரிச்சலாக இருந்தேன்.

அந்தக் கனவை வேறு யாரிடமும் சொல்லவில்லையே? சாங்தேயிடம்கூட? சொல்லாதே. மீன் உயிரோடுதானே இருந்தது? கல்லறை மேட்டுத் திருப்பம் என்றால் எந்த இடம்?

போராமுக்கு மூக்கில் வெந்நீர் ஆவி காட்டு. அவள் உருளுவாள்.
இன்சுக்

*

கியோங்ஜு
5 ஏப்ரல்

அக்காவுக்கு,

பூ வந்துவிட்டது. பூவுக்குப் பின்னாலேயே பேருந்துகளும். எங்கள் விடுதியில் ஒரு அறைக்கு இருபது பிள்ளைகள். தலையணைச் சண்டையில் ஒரு ஜன்னல் போயிற்று. நீயும் அத்தானும் சுகமா? இருமலுக்குப் பேரிக்காயைத் தேனில் வேகவைத்துக் கொடு.

முதலில் நல்ல செய்தி: எனக்கு ஒன்றுமில்லை. நாள் தவறாமல் வந்துவிட்டது. கழிவறையிலேயே உட்கார்ந்து சிரித்தேன். கனவு வந்த அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் கானாங்கெளுத்தி வறுத்திருந்தோம், அதுதான் கனவில் வந்திருக்கும். யாரிடமும் சொல்லவில்லை. மீன் உயிரோடுதான் இருந்தது, வாலால் என் வயிற்றில் அடித்தது. திருப்பம் என்றால் பெரிய இரட்டை மேட்டுக்கு எதிரே, வேலியோரம் பைன் மரம் சாய்ந்திருக்குமே, அங்கே. நீ கணக்கு டீச்சர், உனக்கு எதற்கு இதெல்லாம்?

மாமியார் நேற்று என்னைப் பார்த்து, "போராம் அம்மா, வாசக்கயிறு இன்னும் பரண்லதான் இருக்கு. அடுத்த தடவை மிளகாய் சொருகலாம்"னார். ஞாபகம் இருக்கிறதா? போராம் பிறந்த அன்று வாசலில் கட்டிய வைக்கோல் கயிற்றில் கரித்துண்டும் பைன் கொத்தும் சொருகியபோது அவர் முகம் போன போக்கு! பையன் பிறந்தால் சொருக மிளகாயை ஒரு கூடை காய வைத்துத் தயாராக இருந்தவர் ஆயிற்றே. அந்த மிளகாயையெல்லாம் கிம்ச்சியில் போட்டு எனக்கே ஊட்டினார்.

"அத்தை, பொண்ணுன்னா என்ன?"னு கேட்டேன்.

"நான் என்ன சொன்னேன்? மிளகாய் வீணாப்போச்சேன்னுதான்" என்று எழுந்து போய்விட்டார்.

போராம் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். முழுதாக உருளவில்லை. இது போதுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

மிரான்

*

இன்ச்சோன்
26 ஏப்ரல்

மிரான்,

பதில் தாமதமானதற்குத் தேர்வுத்தாள்தான் காரணம் என்று வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். பேரிக்காய் வேலை செய்தது.

மே நடுவில் வருகிறேன், நான் மட்டும், இரண்டு நாள். ஊர் சுற்றிப் பார்க்க வேண்டும். சில கேள்விகள்.

புல்குக்சா கோயிலுக்குப் போகும் பேருந்து ரொம்பக் குலுக்குமா? மலைமேல் குகைப் புத்தரை இந்தத் தடவை விட்டுவிடலாம், ஏற முடியாது. அனாப்ஜி குளத்திலிருந்து உன் வீடு வரை நடந்தே வரலாமா? வழியில் படிகள் உண்டா? குளத்தருகே மீன் அச்சில் ரொட்டி சுடும் மீன் ரொட்டி வண்டி நிற்குமே, குளிர் முடிந்ததும் போய்விடுமா? அது மட்டும் எனக்குக் கட்டாயம் வேண்டும். உன் மாமியார் விருந்தாளிக்கு என்று ஆக்டபஸ் வேகவைப்பார். வேண்டாம் என்று சொல்லிவிடு. நண்டும் வேண்டாம். கோழியும்.

இன்சுக்

*

கியோங்ஜு
1 மே

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சுகமா என்று வழக்கத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகக் கேட்கிறேன். சுகமா?

ஏழாம் வகுப்பில் குகைப் புத்தர் வரைக்கும் ஓடியே ஏறி மேலே நின்று எங்களையெல்லாம் கேலி செய்தவள் நீ. இப்போது படி உண்டா என்று கேட்கிறாய். ஆக்டபஸ் வேண்டாம், நண்டு வேண்டாம், கோழி வேண்டாம். அப்பாவும் இப்படித்தான், முதலில் நண்டு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அப்புறம்தான் வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. அக்கா, டாக்டரிடம் போனாயா? மறைக்காதே. நான் சின்னப் பெண் இல்லை.

பேருந்து குலுக்கும், ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தால் குறைவு. குளத்திலிருந்து வீடு வரை சமதரை, படி கிடையாது. மே மாதத்தில் மீன் ரொட்டியா! குளிர்காலத்து வண்டிகள் எல்லாம் இப்போது ஐஸ்கட்டிப் பழக்கூழ் விற்கின்றன. பின்வாசல் பக்கம் ஒரு பெண்மணி மட்டும் சுற்றுலாப் பிள்ளைகளுக்காக அச்சை இன்னும் சூடாக வைத்திருக்கிறாள் என்று சாங்தே விசாரித்து வந்தார். மாமியார், "ரொட்டி திங்க இன்ச்சோன்லேர்ந்து வர்றாளா?" என்று கேட்டுச் சிரித்தார்.

தேதி எழுது. போராம் உருண்டாள்! நான் அடுப்படியில் இருந்தேன், பார்க்கவில்லை.

மிரான்

*

இன்ச்சோன்
7 மே

வயிற்றில் கட்டி இல்லை. 14ஆம் தேதி மதியப் பேருந்து. மழை பெய்தாலும் நடந்துதான் வர வேண்டும். அன்று பாவாடை கட்டிக்கொள், கால்சட்டை வேண்டாம்.

இன்சுக்

*

கியோங்ஜு
22 மே

அக்காவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? ஓட்டுநருக்குப் பின் இருக்கை கிடைத்ததா? இங்கே எல்லோரும் நலம். போராம் இப்போது உருண்டுகொண்டேதான் இருக்கிறாள், நிறுத்த முடியவில்லை, இப்போது அதற்காகப் பயப்படுகிறேன்.

நீ போனதிலிருந்து அந்த இரண்டு நாளையும் திரும்பத் திரும்ப அடுக்கிப் பார்க்கிறேன். எனக்கு எந்த இடத்தில் புரிந்தது தெரியுமா? நீ நினைப்பதுபோல் பைன் மரத்தடியில் இல்லை. அதற்கு முன்பே, முலாம்பழக் கடையில்.

கோயிலில் நீ கோபுரத்தைச் சுற்றியபோது புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்தபோது எந்தக் கோபுரம் உயரம் என்று கணக்குப் போட்டவள், இப்போது உள்ளங்கை சேர்த்து மெல்ல மெல்லச் சுற்றினாய். வயதாகிறது என்று நினைத்தேன். சந்தையில் மஞ்சள் முலாம்பழத்தை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாய். கடைக்காரிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏம்மா, பழம் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

"கோணல் இல்லாததா ஒண்ணு குடுங்க."

"கோணலா இருந்தாத்தான் இனிக்கும்."

"இனிக்க வேண்டாம். அழகா இருந்தாப் போதும்."

கடைக்காரி உன்னை மேலும் கீழும் பார்த்தாள். அடிக்கூடையிலிருந்து முட்டை மாதிரி ஒன்றை எடுத்து உன் கையில் வைத்தாள். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பத்து மாதம் நானும் அப்படித்தானே பொறுக்கினேன்! கோணல் பழம் கூடாது, நண்டு கூடாது, எலும்பில்லாத ஆக்டபஸ் கூடாது, கோழித்தோல் கூடாது. மாமியார் பின்னாலேயே நின்று ஒவ்வொன்றாகச் சொன்னதை நான் எப்படி மறந்தேன்? கட்டி, டாக்டர் என்று எழுதி உன்னையும் பயமுறுத்தினேன்.

நீ வாயைத் திறந்து சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முதல் தடவை ஊரெல்லாம் சொல்லி அப்புறம் ஊருக்கெல்லாம் பதில் சொன்னாய். எனக்கு அது ஞாபகம் இருக்கிறது.

குளத்தங்கரையில் மீன் ரொட்டியை அச்சிலிருந்து எடுத்துத் தந்தபோது அந்தப் பெண்மணி, "தலையிலேர்ந்து தின்பீங்களா, வாலிலேர்ந்தா?" என்று கேட்டாள். நீ, "இப்பத் திங்கலை. இவ பாவாடையில போடுங்க" என்றாய்.

"சூடும்மா! துணி எண்ணெயாயிடும்!"

"ஆகட்டும்."

சுற்றுலாப் பிள்ளைகள் நாற்பது பேர் பார்க்க, நான் பாவாடையைச் சேர்த்துப் பிடித்து, அதற்குள் ஒரு ரொட்டி மீனை வைத்துக்கொண்டு நடந்தேன். கல்லூரியில் வரலாறு படித்தவள்! "அக்கா, மடியில ரொட்டி சுடுது" என்றால், "வாலால அடிக்குதுன்னு நெனச்சுக்கோ" என்கிறாய். கல் கோபுரத்தருகே ஒரு புகைப்படக்காரர் நம்மைத் துரத்திக்கொண்டு வந்து, "ரெண்டு பேரும் ராணி உடுப்பு போட்டு ஒரு படம்?" என்றார். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாய்.

சாய்ந்த பைன் மரத்தடியில் என்னை நிறுத்தினாய். மதியச் சாப்பாடு என்று நான் நினைத்த துணிமூட்டையைப் பிரித்தாய். உன் கல்யாணச் சிவப்புப் பட்டுப்பாவாடை.

"கனவு இங்கதான நின்னுச்சு?"

"இங்கதான்."

"யார்கிட்டயும் சொல்லலையே?"

"சொல்லலை."

"அப்பச் சரக்கு இன்னும் உன்கிட்டதான் இருக்கு. எனக்கு வித்துடு. விலை இந்தப் பாவாடை."

நம் ஊர்ப் பழங்கதையில் அக்கா கண்ட கனவைத் தங்கைதான் பட்டுப்பாவாடை கொடுத்து வாங்கினாள். நாம் தலைகீழ். "வித்தேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. நீ "சத்தமா" என்றாய். "வித்தேன்!" என்று கத்தினேன். வேலிக்குள் புல் வெட்டிக்கொண்டிருந்தவர், "என்ன விலைக்கு?" என்று கேட்டார்.

மிச்ச வழியை நீ நடந்தாய், சிவப்புப் பட்டில் மீனை ஏந்திக்கொண்டு. மூன்றாவது தடவையாவது வாசலைத் தாண்ட வேண்டும் என்று நான் பின்னால் வந்தேன். நம் வாசற்படியைத் தாண்டியதும் நின்றுகொண்டே தலையிலிருந்து வால் வரை தின்றாய். ஒரு துணுக்குகூட யாருக்கும் தரவில்லை. மாமியார் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

நீ விட்டுப்போன பாவாடையில் மீன் வடிவத்தில் எண்ணெய்க்கறை. துவைக்க மாட்டேன்.

மிரான்

*

கியோங்ஜு
10 ஜூலை

அக்காவுக்கு,

நலமா? மூன்றாவது கடிதம் இது. ஜூனில் போட்ட இரண்டுக்கும் பதில் இல்லை. வெயில் இந்த வருடம் மனிதர்களுக்கானதாக இல்லை. தார்ச்சாலை செருப்பில் ஒட்டுகிறது. அங்கேயும் இப்படித்தான் என்று செய்தியில் சொன்னார்கள். மாடி வீட்டில் எப்படி இருக்கிறாய்?

கல்லாவிலிருந்து போன் செய்தேன், மாமியார் குளிக்கும் நேரம் பார்த்து. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

எதையும் விளக்கி எழுத வேண்டாம். மீன் தண்ணீரில் இருக்கிறது என்று ஒரு வரி போதும். போராம் தவழுகிறாள், பின்பக்கமாக.

மிரான்

*

இன்ச்சோன்
30 ஜூலை

மிரான்,

கிஹ்வான் வாசலிலிருந்து உன் கடிதங்களை எடுத்துப் பையில் போட்டு அப்படியே மறந்திருக்கிறார். நேற்றுதான் தந்தார். அவரைத் திட்டாதே. ஆஸ்பத்திரிக்கும் துறைமுகத்துக்குமாக நடந்து இளைத்துவிட்டார்.

ஜூன் தொடக்கத்திலிருந்து படுத்திருக்கிறேன். டாக்டர் எழுந்திருக்காதே என்றார். இடதுபக்கம், வலதுபக்கம், இவ்வளவுதான் என் பயணம். பக்கத்துக் கட்டில்காரி கிஹ்வான் கொண்டுவந்த பயறு ரொட்டி முழுவதையும் தின்றுவிட்டாள். மேற்கூரையில் ஒரு கறை இருக்கிறது. அதைப் பார்த்து, குளத்திலிருந்து உன் வாசல் வரை தினமும் நடக்கிறேன். கோபுரம், வேலி, பைன் மரம், வாசற்படி. பாதியில் நர்ஸ் எழுப்பினால் திரும்பக் குளத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். பகா எண்ணுக்கு வந்த கதியைப் பார்.

மீன் தண்ணீரில் இருக்கிறது.

போராம் பின்பக்கமாகத் தவழட்டும். எங்கே போகிறோம் என்று தெரியாமலும் போகலாம்தானே.

இன்சுக்

*

கியோங்ஜு
16 அக்டோபர்

அக்காவுக்கு,

காற்றில் ஈரம் போய்விட்டது, எங்கள் சீமைப்பனிச்சைப் பழங்கள் ஆரஞ்சாகிவிட்டன. இப்போது உட்கார விடுகிறார்களா? முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துக்கொள், ஒன்று போதாது.

போராமின் முதலாண்டு விருந்து முடிந்தது. மேசையில் நூல், தூரிகை, புத்தகம், பணம் எல்லாம் வைத்தோம். மாமியார் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டே இருந்தார். சாங்தே பணத்தை நகர்த்தினார். அவள் இரண்டையும் தள்ளிவிட்டு நூலைப் பிடித்தாள், நீண்ட ஆயுள். விட மாட்டேன் என்கிறாள், தூங்கும்போதும் கையில். அவிழ்த்துப் பாதியை இதில் வைத்திருக்கிறேன். தலையணைக்கு அடியில் வை.

இப்போது நான் சொல்லப்போவதை நம்ப மாட்டாய். போன செவ்வாய் மாமியார் திடீரென்று, "காம்போ கடற்கரைக்குப் போகணும், போராமைத் தூக்கிக்கிட்டு வா" என்றார். அங்கே கடற்பாசி விற்கிற வீட்டுக்குப் போனார். ஒரு முள்ளங்கிக்கு அரைமணி நேரம் பேரம் பேசி, கடைசியில் இலையை இலவசமாக வாங்கி வருகிறவரை உனக்குத் தெரியும். அந்த அம்மாள் ஒரு ஆள் நீளக் கடற்பாசியைக் காட்டி விலை சொன்னாள். மாமியார் எண்ணிக் கொடுத்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் போராமைத் தோளில் போட்டபடி அப்படியே நின்றேன். பிள்ளை பெற்றவள் குடிக்கிற சூப்புக்கு வாங்கும்போதுதானே பேரம் பேச மாட்டார்கள்? பேசினால் ஆயுள் குறையும், பாசியை மடித்தால் பிரசவம் கஷ்டமாகும் என்பார்களே.

"அத்தை, இது யாருக்கு?"

"உன் அலமாரில ஒரு சிவப்புப் பாவாடை இருக்கு. உனக்கு அளவு பெருசு. எண்ணெய்க்கறை வேற."

"அது வந்து..."

"பாவாடை குடுத்துட்டுப் போனவ என்னத்த வாங்கிட்டுப் போனா? பாம்பா, பன்னியா, மீனா?" உடனே என் வாயை மூடினார். "சொல்லாத, சொல்லாத. முடியட்டும்."

"எனக்கு வந்ததைக் குடுத்துட்டேன் அத்தை. பேரன்னு நீங்க..."

"உனக்கென்ன, வயசு இருக்கு. திரும்பத் தூங்கு, திரும்ப வரும்."

தபால் நிலையத்தில் குமாஸ்தா டப்பாவைக் காட்டி, "நடுவுல ஒரு மடிப்பு மடிச்சா உள்ள போயிடும் பாட்டி" என்றார். மாமியார் கல்லாவில் உட்காரும் குரலில், "உன் பொண்டாட்டிக்கு வாங்கினப்ப மடிச்சியா?" என்று கேட்டார். அந்த மனிதர் டப்பாவை ஒதுக்கி வைத்தார். போய், சுவரில் இருந்த விளம்பரப் பலகையைக் கழற்றி வந்து, அதன்மேல் நீளவாக்கில் வைத்துக் கட்டினார். ஆகவே, சேமிப்புக் கணக்கு தொடங்கச் சொல்லும் ஒரு பலகை உன் வீட்டுக்கு வரும். உள்ளே இருப்பது மடியாமல், உடையாமல் வர வேண்டும். வந்ததும் எழுது. ஓரம் உடைந்திருந்தால் எழுதாதே. இல்லை, எழுது.

மிரான்

*

இன்ச்சோன்
27 நவம்பர்

மிரான்,

உன் வீட்டில் அனைவரும் சுகமா? இங்கே பனி விழத் தொடங்கிவிட்டது, ஆனால் அடியில் அனல் ஓடும் எங்கள் தரை ராத்திரி பகலாகச் சூடாக இருக்கிறது. கிஹ்வான் அடுப்புக்கரி மூட்டை மூட்டையாகச் சுமக்கிறார்.

பலகை முழுசாக வந்தது. ஓரம்கூட உடையவில்லை. இப்போது ஒரு நாளைக்கு நான்கு வேளை அந்தக் கடற்பாசி சூப்பையே குடிக்கிறேன். உன் மாமியாரிடம் உப்பு சரி என்று சொல்.

நீ உடனே ரயில் ஏறிவிடுவாய் என்று தெரியும், அதனால் முதலிலேயே எழுதுகிறேன்: மூன்று வாரத்துக்கு யாரும் உள்ளே வரக்கூடாது, நீயும்தான். எங்கள் வாசலில் கயிறு கட்டியிருக்கிறது. மூன்றாவது மாடி அடுக்குவீட்டில் யாராவது கட்டுவார்களா? கிஹ்வான் துறைமுகத்தில் எங்கோ வைக்கோல் தேடிப்பிடித்து, இடது பக்கமாகத் திரிக்க வராமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்து திரித்தார். கப்பல் கயிறு மாதிரி தடியாக இருக்கிறது. பால்காரர் பார்த்துவிட்டுக் கீழ்ப்படியிலேயே பாட்டிலை வைத்துவிட்டுப் போகிறார். எதிர்வீட்டுக்காரர் நுனிக்காலில் நடக்கிறார். கரித்துண்டு, பைன் கொத்து, மறுபடி கரித்துண்டு. மிளகாய் இல்லை. மிளகாய் வீணாகிறது என்று உன் மாமியார் வருத்தப்பட்டால் எனக்கு அனுப்பச் சொல், கிம்ச்சிக்கு ஆகும்.

போராமின் நூலில் ஒரு இழை எடுத்து மணிக்கட்டில் சுற்றியிருக்கிறேன். என்னுடையதில் இல்லை. சுற்றியும் மிச்சம் தொங்குகிறது, அவ்வளவு சின்ன மணிக்கட்டு.

கயிறு அவிழ்க்கிற அன்று வா. போராமையும் தூக்கி வா. இங்கே தெருமுனையில் மீன் ரொட்டி வண்டி வந்துவிட்டது. இந்தத் தடவை நீ தின்னலாம்.

இனிமேல் சொல்லலாம், மிரான். உன் மாமியார் கேட்டாரே? மீன்தான் என்று சொல்லிவிடு.

இன்சுக்